சைவ உணவினருக்கு மட்டும் தங்கப் பதக்கம்: புணே வளாகத்தில் தடம் மாறிய உடல்நலப் பிரசாரம்

புது தில்லி: தேர்வுகளில் நல்ல வகுப்பில் தேறியிருக்கலாம். விளையாட்டிலும் பெயர் பெற்றிருக்கலாம். ஆனால் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுகிறவராக இருந்தால் அந்தத் தங்கப் பதக்கத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. புணே நகரின் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகம் 2017-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம் இதுதான்.

யோக குரு ஒருவரின் பெயரால் நிறுவப்பட்ட 'ஷேலார் மாமா' தங்கப் பதக்கம் முதுநிலை மாணவர்களுக்கு உரியது. அதைப் பெற விரும்புவோர் சைவ உணவு உண்பவராகவும், மது அருந்தாதவராகவும் இருக்க வேண்டும். யோகாசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டோருக்கு முன்னுரிமை. நிபந்தனைகளைத் தாங்கள் வகுக்கவில்லை, பதக்கத்தை நிறுவிய அறக்கட்டளையே விதித்தது, 2006 முதல் இதே நடைமுறைதான் என்று விளக்கம் அளித்தது பல்கலைக்கழக நிர்வாகம். விளக்கம் எடுபடவில்லை. மாணவர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. தேசியவாத காங்கிரஸ் எம்.பி. சுப்ரியா சுலே கண்டித்தார். மாநில ஆட்சியில் பாஜகவுடன் கூட்டாளியாக இருந்த சிவசேனையின் ஆதித்ய தாக்கரேயும் கண்டித்தார். நிர்வாகம் பின்வாங்க, பதக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.

மது வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. பல்கலைக்கழகங்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உடல்நலம் பற்றிய அறிவுரை, யார் நல்ல மாணவர் என்று தரம் பிரிக்கும் அளவுகோலாக மாறிய இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்திய ஆண்களில் ஐந்தில் நால்வருக்கு மேல், பெண்களில் மூன்றில் இருவருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். உணவுக்கும் ஜாதிக்கும் உள்ள உறவு தெரியாத நாடல்ல இது. அதிலும், சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அத்தகைய சுற்றறிக்கையில் கையெழுத்திட்டதுதான் பலரை அதிகம் உறுத்தியது.

உடல்நலத்தை அதிகாரத்தால் காப்பதா, அக்கறையால் காப்பதா என்ற கேள்வி புணேவுக்குப் புதிதன்று. பல்கலைக்கழகம் அமைந்துள்ள கணேஷ்கிண்ட் வளாகமே அதற்குச் சாட்சி. இன்று பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடமாக இருப்பது அன்று பம்பாய் ஆளுநரின் மாளிகை. 1897-ஆம் ஆண்டு பிளேக் நோய் நகரை வாட்டியபோது ஆங்கிலேய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. பிளேக் அதிகாரி ராண்டின் மேற்பார்வையில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பூஜை அறை, பெண்கள் இருந்த அறை என்ற வேறுபாடு பார்க்கவில்லை என்ற குமுறல் எழுந்தது. அந்த ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கொண்டாட்டம் முடிந்து இதே மாளிகையிலிருந்து திரும்பிய ராண்ட், சபேகர் சகோதரர்களால் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டார்.

அதே பிளேக் காலத்தில், அதே ஊரில் வேறொரு காட்சியும் உண்டு. சாவித்ரிபாயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் நகருக்கு வெளியே நோயாளிகளுக்காகச் சிகிச்சையகம் ஒன்றை நடத்தினர். முண்ட்வா பகுதியின் தலித் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனை சாவித்ரிபாய் தானே சுமந்து சிகிச்சைக்குக் கொண்டு வந்தார். நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10-ஆம் தேதி அவர் காலமானார். 1949-இல் நிறுவப்பட்ட புணே பல்கலைக்கழகத்துக்கு 2014-இல் சூட்டப்பட்டது இந்தப் பெண்மணியின் பெயர்தான். (அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டம் கரோனா காலம் வரை உயிரோடு இருந்ததும், 2020-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியதும் தனிக் கதை.)

வெளிப்படையாகப் பேசிப் பயன் கண்ட முன்னுதாரணமும் நம்மிடம் இருக்கிறது. எய்ட்ஸ் என்ற சொல்லை உச்சரிக்கவே கூசிய 1990-களின் தொடக்கத்தில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் மூலம் கல்லூரி மாணவர்களிடையே அதுபற்றிப் பேசும் இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. புணேவின் போசரி பகுதியில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் 1992-இல் அமைந்தது. 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சலுக்கு நாட்டின் முதல் உயிரிழப்பு புணேவில் நேர்ந்தபோது பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. நாயுடு மருத்துவமனை வாசலில் பரிசோதனைக்காக மக்கள் வரிசையில் நின்றனர். முகக் கவசம், கை கழுவுதல் என்ற பாடங்களை அந்த நகரத்து மாணவர்கள் கரோனாவுக்குப் பத்தாண்டுகள் முன்னரே படித்துவிட்டார்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுக்கப் பதக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தில்லியிலிருந்து சென்ற உத்தரவுகளுக்கோ குறைவே இல்லை. கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனி விற்பனையைத் தடை செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2016 நவம்பரில் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதியது. 2018 ஆகஸ்டில் அதையே நினைவூட்டியது. முதல் கடிதம் முழுமையாகச் செயலுக்கு வந்திருந்தால் இரண்டாவதற்கு அவசியம் நேர்ந்திராது. 2019-இல் 'ஃபிட் இந்தியா' இயக்கம் வந்தது. உடற்தகுதித் திட்டம் தயாரிக்கக் கோரி மீண்டும் ஒரு கடிதம். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி, நெருக்கடி நிலைக் காலத்தில் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போனது. இரண்டும் சந்திக்கும் கல்லூரி வளாகத்தில் ஆணையிடுவோர் பலர். செலவை ஏற்போர் யார் என்பது மட்டும் தெளிவாக இருப்பதில்லை.

நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜ தொலைவுக்குள் சிகரெட், குட்கா விற்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. மீறினால் அச்சட்டத்தின்படி அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். கல்லூரி வாசலில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு நாள் வியாபாரத்தின் சிறு பகுதி. மின்-சிகரெட்டை 2019-இல் முதலில் அவசரச் சட்டத்தாலும், பின்னர் டிசம்பரில் மாநிலங்களவையின் ஒப்புதலோடும் அடியோடு தடை செய்த அரசு, பழைய அபராதத் தொகையில் அதே வேகத்தைக் காட்டவில்லை.

உணவு, புகையிலை ஆகியவற்றைவிட அவசரமான பிரச்னை ஒன்று உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடத்திலும் தமிழகம் அடுத்த இடத்திலும் இருந்தன. தொழில் வளர்ச்சியிலும் உயர்கல்விச் சேர்க்கையிலும் முன்னணியில் இருப்பதாகப் பெருமை பேசும் இரு மாநிலங்கள் இவை. மாணவர் எதைச் சாப்பிடுகிறார் என்று விசாரித்த சுற்றறிக்கைகள், அவர் இரவில் தூங்குகிறாரா, மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது உச்சநீதிமன்றம். உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளை ஆராய, முன்னாள் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசிய பணிக்குழுவை 2025 மார்ச்சில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு நியமித்தது. அவ்வாண்டு ஜூலையில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு மற்றொரு வழக்கில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உரிய சட்டம் வரும் வரை நாட்டின் எல்லாக் கல்வி நிறுவனங்களையும் அவை கட்டுப்படுத்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது.

சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் புணே நகரோடு முடிந்துவிடுவதில்லை. நாசிக், அகில்யாநகர் மாவட்டங்களின் சிற்றூர்கள் வரை பரவியுள்ளன. ஆசிரியர் பணியிடங்களையே நிரப்பத் திணறும் கிராமப்புறக் கல்லூரியில், ஆலோசகரின் மாதச் சம்பளத்தைக் கொடுப்பது மத்திய அரசா, மாநில அரசா, நிர்வாகமா அல்லது மாணவர் கட்டணமா என்பதே முதல்வரின் மேஜைக்கு வரும் முதல் கேள்வியாக இருக்கும்.