கலைந்துபோன தூக்கத்தைச் சீர்செய்வது எப்படி?



பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வந்தார். அவருடைய மகன் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறார். பகல் மூன்று மணிக்கு, ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில், நடுவிலிருந்த தடுப்பில் மோதிக் கையை முறித்துக்கொண்டார். எதிரே எந்த வண்டியும் வரவில்லை. "கண்ணு சொக்கிப் போச்சும்மாங்கிறான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல அவனுக்கு" என்றார் அந்தத் தாய்.

விசாரித்தால் விஷயம் சாதாரணமானதுதான். நோன்பு மாதம் முழுவதும் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை நண்பர்களோடு விழித்திருந்து பழகிவிட்டார். பெருநாளுக்குப் பிறகும் அதிகாலை மூன்று மணிக்கு முன் தூக்கம் வரவில்லை. காலை ஒன்பது மணிக்கு எழுந்து வேலைக்குப் போயாக வேண்டும். சில வாரங்களாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கை முறிவோடு போனது அல்லாஹ்வின் கிருபை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் தூக்கம் கெடும் வழிகள்

நோன்பு மாதத்தில் நேரம் மாறுவது இயல்பு. ஆனால் பெருநாளோடு முடிய வேண்டிய மாற்றம், பல வீடுகளில் முடிவதில்லை. அதற்கு வேறு காரணங்களும் துணை நிற்கின்றன. கடையை அடைத்துவிட்டுக் கணக்குப் பார்த்து வீடு வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகுதான் சாப்பாடு. விடுமுறை என்றால் பிள்ளைகள் ஃபோனோடு விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. துபாய் ஒன்றரை மணி நேரம். அங்கே வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு அவர் அழைக்கும்போது, சவூதியாக இருந்தால் இங்கே பன்னிரண்டரை. பிள்ளைகளும் அத்தாவிடம் பேச வேண்டும் என்று விழித்திருப்பார்கள். காலையில் பள்ளிக்கூட வேன் ஏழரைக்கு வந்து நிற்கும்.

எல்லாரையும்விடக் குறைவாகத் தூங்குபவர்கள் வீட்டுப் பெண்கள். கடைசியாக வருபவருக்குச் சோறு போட்டுவிட்டுப் படுத்து, முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பவர்கள் அவர்கள்தான். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் என்றால், அத்தனை நேரத்தையும் சுமப்பது அவர்களே.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, பல ஆயிரம் நரம்பு அணுக்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும், உடல் வெப்பம் எப்போது ஏறி இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் நடத்துகிறது. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. எனவே அதை அன்றாடம் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைப்பது கண்ணில் படும் வெளிச்சம், முக்கியமாகக் காலை வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்னோக்கி நழுவிக்கொண்டே போகும். இரவு தாமதமாவது எளிதாகவும், முன்கூட்டிப் படுப்பது கடினமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பதின்பருவப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே இந்தக் கடிகாரம் சற்றுத் தாமதமாக ஓடும். "சோம்பேறி" என்று ஏசுவதற்கு முன் அதை நினைவில் கொள்வது நல்லது.

தூக்கத்தை வரவழைக்கும் இன்னொன்றும் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்துகிறது, தூங்கினால் கரைகிறது. டீயிலும் காபியிலும் உள்ள காஃபீன் இந்த அடினோசினின் வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த டீயில் பாதி, இரவு இரண்டு மணிக்கும் உடலில் இருக்கும்.

மதுவைத் தொடாதவருக்கும் தள்ளாட்டம்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் செயல் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு ஏறக்குறைய வந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் ஓய்வே இல்லாமல் இரவு பத்து மணிக்குக் குடும்பத்தோடு கார் ஓட்டினால் அந்த நிலைதான். வாழ்நாளில் மதுவைத் தொடாத நாம், குடித்தவரைப் போன்ற கையோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகலாமா?

அன்றாடம் குறைவாகத் தூங்குவதும் இப்படித்தான் சேர்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், முழு இரவும் கண் விழித்தவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆபத்து அங்கேதான். மேலே சொன்ன பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை.

எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

பலர் செய்யும் தவறு, "இன்றிலிருந்து பத்து மணிக்குப் படுப்பேன்" என்று தொடங்குவது. படுப்பது நம் கையில். தூக்கம் நம் கையில் இல்லை. எழுவது நம் கையில் இருக்கிறது. எனவே எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். சில நாட்களில் படுக்கும் நேரம் தானே பின்னால் வரும்.

கொஞ்சம்தான் தவறியிருக்கிறது, அதாவது இரவு ஒரு மணிக்குத் தூங்கிக் காலை எட்டு மணிக்கு எழுகிறீர்கள் என்றால், சுப்ஹுக்கு எழுந்தபின் மீண்டும் படுக்காதீர்கள். பொழுது விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் பகலில் கண் எரியும். அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள். அன்றிரவு தூக்கம் சீக்கிரம் அழுத்தும். அதைத் தள்ளிப் போடாமல் படுத்துவிடுங்கள்.

அதிகமாகத் தவறிவிட்டது, இரவு மூன்று மணிக்குத் தூங்கிப் பகல் பதினொன்றுக்கு எழுகிறார் என்றால், ஒரே நாளில் இழுக்க முடியாது. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் முன்னே கொண்டுவர வேண்டும். இன்று 11, நாளை 10.30, மறுநாள் 10 என்று வந்தால் 12 நாளில் காலை ஐந்து மணியைத் தொடலாம். படுக்கும் நேரத்தையும் அதே கணக்கில் முன்னே நகர்த்துங்கள். பத்து மணி வந்ததும் அங்கேயே நிறுத்துங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் வழக்கமாக எழும் நேரத்திற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான் உடல் வெப்பம் மிகவும் குறைந்திருக்கும். அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் மேலும் பின்னே தள்ளும். பதினொன்று வரை தூங்குபவருக்குக் காலை ஆறு மணி இன்னும் நடு இரவுதான். அந்த நேரத்து வெயில் அவருக்கு எதிராகவே வேலை செய்யும். ஆகவே இந்தப் பன்னிரண்டு நாட்களில் சுப்ஹுக்கு எழுந்து, தொழுதுவிட்டு, விளக்கைப் பெரிதாகப் போடாமலும் ஃபோனைத் தொடாமலும் திரும்பப் படுத்துக்கொள்ளட்டும். அன்றைக்குக் குறித்த நேரம் வந்ததும் எழுந்து உடனே வெளிச்சத்துக்கு வரட்டும். நாள் செல்லச் செல்ல இரண்டு விழிப்பும் ஒன்றாகிவிடும்.

"ஒரு இரவு முழுக்க விழித்திருந்து மறுநாள் சீக்கிரம் தூங்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. அன்றைய களைப்பில் தூக்கம் வரும், கடிகாரம் மாறியிருக்காது. இரண்டாம் நாளே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு நாளில் வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம்.

சரியான நேரத்தைப் பிடித்த பிறகு வெள்ளி, ஞாயிறு என்று விட்டுவிடக் கூடாது. விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறாமல் இருக்கட்டும்.

பகலில் கவனிக்க வேண்டியவை

டீ, காபி: அஸருக்குப் பிறகு வேண்டாம். கடைத்தெருவில் கிடைக்கும் எனர்ஜி பானங்களிலும் காஃபீன் உண்டு.

பகல் தூக்கம்: லுஹரை ஒட்டிச் சற்றுக் கண் அயரும் கைலூலா நமக்குப் புதிதல்ல. 20 முதல் 30 நிமிடம் போதும். மூன்று மணிக்குள் முடியட்டும். இரண்டு மணி நேரம் தூங்கினால் இரவுத் தூக்கத்தைக் கடன் வாங்கியதாகிவிடும்.

இரவு உணவு: படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பது நல்லது. பரோட்டாவும் சால்னாவும் இரவு பதினொன்றுக்கு என்றால் நெஞ்செரிச்சல்தான் தூங்க விடாது. கடை அடைக்க நேரமாகும் என்றால் மஃரிபுக்குப் பின் கடையிலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.

ஃபோன்: அதன் வெளிச்சத்தைவிட அதில் ஓடும் விஷயமே நம்மை அதிகம் விழிக்க வைக்கிறது. படுக்கை அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கினால் போதும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் பொழுதைக் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸ்களில் படிக்கிறோம். இன்றைக்கு அந்தப் பேச்சு நம் உள்ளங்கையில் இருக்கிறது.

படுத்தும் தூக்கம் வரவில்லையென்றால், சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். மணியையும் பார்க்காதீர்கள். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்து ஓதலாம், திக்ரு செய்யலாம். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று உடல் பழக வேண்டும்.

வீட்டார் சேர்ந்து செய்ய வேண்டியது

ஒருவர் மட்டும் மாறினால் நிலைக்காது. கூடத்தில் டிவி ஓட, பிள்ளையை மட்டும் தூங்கச் சொல்வதில் பயனில்லை. வீட்டுக்கு ஒரு நேரம் வைத்து, பத்து மணிக்குப் பெரிய விளக்குகளை அணையுங்கள். தாமதமாக வருபவர் தன் தட்டில் தானே போட்டுச் சாப்பிடட்டும். உம்மாவும் மனைவியும் அதற்காக விழித்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவரிடம் பேசி அழைப்பு நேரத்தை மாற்றுங்கள். அவர் அங்கே சுப்ஹு முடித்து வேலைக்குக் கிளம்பும் முன் பேசினால் இங்கே காலை. பிள்ளைகளோடு நீண்ட பேச்சு அவருடைய விடுமுறை நாளின் பகலில் இருக்கட்டும். விஷயம் தெரிந்தால் எந்தத் தகப்பனும் மறுக்கமாட்டார்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வு எழுதப் போவது, விதைத்துவிட்டுத் தண்ணீர் விடாமல் வருவது போன்றது.

மருத்துவரிடம் எப்போது?

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், நோன்புக்காக இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிய மருந்து நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பத்து மணி வரை தூங்கிவிட்டுக் காலை மாத்திரையைத் தள்ளிப் போடுவது ஆபத்து.

பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுவது, போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் மூடிக்கொண்டே போவது, வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கமின்மை மூன்று மாதமாகத் தொடர்வது ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். தூக்கம் போனதோடு மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் அப்படியே. மன வேதனைக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கை முறிந்த அந்தப் பிள்ளைக்கு மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வேலைக்குப் போக முடியாத இந்த நாட்களில் எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவந்து, இப்போது சுப்ஹுக்குப் பள்ளிவாசலில் முன் ஸஃப்பில் நிற்பதாக அவருடைய தாய் சொன்னார். உங்கள் வீட்டிலும் இன்றிரவு ஒரு விளக்கைச் சீக்கிரம் அணைத்துத் தொடங்குங்கள். நம் பிள்ளைகள் கிளம்பிய சுகத்தோடு வீடு திரும்ப வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.