உடன்பிறவா நகர்கள்

ஒரு நாட்டின் நகரமும் பிறிதொரு நாட்டின் நகரமும் தத்தம் நகராட்சி மன்றத் தீர்மானத்தால் உறவு பூணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பெருகியது. அவ்வுறவைக் குறிக்கும் சொல் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. 'இரட்டை நகர்' என்பர் சிலர். 'சகோதரி நகரம்' என்பர் வேறு சிலர். பெயர் எதுவாயினும் ஆகுக எனக் கடந்து செல்லுதல் எளிது. ஆயினும், இட்ட பெயரே உறவின் இயல்பை வரையறுத்து விடுகின்றது என்பது எம் கருத்து. அதனை ஒரு வரலாற்றின் வழி ஈண்டு விளக்குவாம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கவென்ட்ரி நகரம் 1940 நவம்பர் 14 ஆம் நாள் இரவு செருமானிய வானூர்திகளால் தாக்குண்டது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். புனித மைக்கேல் பெருங்கோயில் கூரை இழந்து வெறுஞ்சுவராய் நின்றது. 1942 ஆகஸ்டில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாலின்கிராடு அதனினும் கொடிய அழிவிற்கு உள்ளாயிற்று. கவென்ட்ரிப் பெண்டிர் 830 பேர் தம் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலாக இட்டு, ஆளுக்கொரு சிறு தொகையும் சேர்த்து, அந்நகர்க்கு அனுப்பினர். அவ்விரிப்பு இன்றும் அந்நகரின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1944 இல், போர் முடியுமுன்பே, இரு நகரங்களும் முறைப்படி உறவு பூண்டன.

காணாது கொண்ட இக்கேண்மை கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நமக்கு நினைவூட்டுதல் இயல்பே. ஆயின் வேறுபாடும் ஒன்றுண்டு. அங்கே ஒத்த உணர்ச்சி நட்பை வளர்த்தது. இங்கே ஒத்த துன்பம் வளர்த்தது.

இனிச் சொற்களை நோக்குவாம். ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் இரட்டைப் பிள்ளைகளைக் குறிக்கும் சொல்லை ஆள்கின்றனர். அமெரிக்கர் 'உடன்பிறந்தாள்' என்னும் பொருள்பட வழங்குவர். செருமானியர் சொல்லோ 'பங்காளி' எனப் பொருள்படும். அதனை அவ்வாறே மொழிபெயர்த்தால் நம்மூரில் பாகப்பிரிவினை வழக்கே நினைவிற்கு வரும்! உருசியர் 'பப்ரத்திம்' என்கின்றனர். உடன்பிறந்தான் என்னும் சொல்லடியாகப் பிறந்ததேனும், அச்சொல் உடன்பிறந்தானைக் குறிப்பதன்று. சூளுரைத்து உடன்பிறந்தானாக ஏற்கப்பெற்றவனையே குறிக்கும்.

இவற்றுள் 'இரட்டை' என்பது தமிழுக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இரண்டு. ஐதராபாத்தும் செகந்திராபாத்தும் போல அடுத்தடுத்து அமைந்த ஊர்களுக்கு அப்பெயர் முன்னரே உரியதாயிற்று என்பது ஒன்று. பிறப்பால் அமையும் உறவு தேர்ந்து கொள்ளப்படுவதன்று என்பது மற்றொன்று, இதுவே பெரிது. கவென்ட்ரி 1959 இல் டிரெஸ்டன் நகரோடும் உறவு பூண்டது. டிரெஸ்டனோ 1945 பிப்ரவரியில் ஆங்கிலேய, அமெரிக்க வானூர்திகளால் எரியுண்டு, ஏறத்தாழ 25,000 மக்களை இழந்த நகரம். அங்கு மீண்டும் எழுப்பப்பெற்று 2005 இல் திருநிலைப்படுத்தப்பட்ட அன்னை கோயிலின் உச்சிச் சிலுவையைச் செய்தவர், அத்தாக்குதலில் பங்குகொண்ட ஆங்கிலேய வானோடி ஒருவரின் மகன். இரட்டை என்னும் சொல் இதனைத் தாங்குமோ? கம்பர் காட்டும் இராமன் குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் உடன்பிறந்தாராகக் கொண்டான். அவருள் வீடணன் பகைவனின் தம்பி. பிறவாது வந்த இவ்வுறவை 'உடன்பிறவா' என்னும் அடைகொடுத்து வழங்கும் மரபு நம்மிடம் உண்டு. அதுவே உருசியச் சொல்லுக்கும் மிக அணித்து.

ஒரு தடையும் எழும். ஸ்டாலின்கிராடு 1961 இல் வோல்கோகிராடு எனப் பெயர் மாறியது. உருசியப் படை 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது பெருந்தாக்குதல் தொடங்கியபின், மார்ச்சில் கவென்ட்ரி நகர மன்றம் அவ்வுறவை நிறுத்தி வைத்தது. சூளுரைத்த உறவு நிறுத்தி வைக்கத் தக்கதோ? வள்ளுவர் பழைமையை அடுத்தே தீ நட்பையும் கூடா நட்பையும் வைத்தார். நெடுநாள் நட்டார் செய்யும் பிழையைப் பொறுத்தலும், ஆகாத நட்பை விடுதலும் அடுத்தடுத்த அதிகாரங்களாயின. ஆனால் இங்கே படையெடுத்தது நகரமன்று, அரசு. அரசு செய்ததற்கு நகரம் விடை கூற வேண்டுமா என்பதில் கவென்ட்ரி மன்றத்தின் முடிவை எளிதில் பழித்தலும் ஒண்ணாது. முழுதும் ஏற்றலும் எமக்கு அரிதாகவே உள்ளது. எனினும் ஒன்று தெளிவு. இரட்டையரை எம்மன்றமும் தீர்மானத்தால் பிரிக்கவியலாது. பிரிக்கவியன்றது என்பதே, அவ்வுறவு முதற்கண் தேர்ந்து கொள்ளப்பட்டது என்பதற்குச் சான்று.

வோல்கோகிராடு 1960களில் நம் சென்னையோடும் இவ்வுறவு பூண்டதாகலின், இச்சொல்லாய்வு பிறர்க்கே உரியதன்று. அகராதி தொகுப்போர் 'இரட்டை நகர்' என்பதனை அடுத்தமைந்த ஊர்களுக்கு விடுத்து, சேய்மையில் நின்று உறவு பூண்டவற்றை 'உடன்பிறவா நகர்' எனக் குறித்தல் தகும்.