மை தீட்டும் கண்ணும் வெள்ளெழுத்தும்

40 வயதைக் கடந்தபின், கண்ணிலுள்ள வில்லை நெகிழ்ச்சி குன்றுவதால் அண்மைப் பொருள்கள் மங்குகின்றன. இதனையே வெள்ளெழுத்து என்கிறோம். படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி உண்டு. மை தீட்டவோ அதனைக் கழற்றியாக வேண்டும்! எங்கள் வேப்பம்பட்டிலிருந்து காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுள் 50-ஐ எட்டிய சிலர், குச்சி கண்ணில் குத்திவிடுமோ என்றஞ்சி மையிடுவதையே விட்டுவிட்டதை நான் அறிவேன்.

அவர்கள் முகம் பார்க்கும் ஆடியை மேன்மேலும் அருகே கொண்டு வருகின்றனர். அதனால் மங்கல்தான் மிகும். சமதள ஆடியில், முகம் எவ்வளவு முன்னே உள்ளதோ அவ்வளவு பின்னே பிம்பம் தோன்றும். எனவே 20 சென்டிமீட்டரில் பிடித்தால், பார்வைத் தொலைவு 40. அறுபதுக்கு அப்பால் மட்டுமே தெளியும் கண்ணுக்கு இது போதாது. ஆடியை 30-க்குத் தள்ளிப் பிடித்தல் வேண்டும். ஆனால் இமையோரம் சிறிதாகத் தெரியுமே என்பீர்கள். அதற்குக் குழியாடி இருக்கிறது. 40 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள குழியாடியை 20-ல் பிடித்தால், பிம்பம் இருமடங்கு பெரிதாகிக் கண்ணிலிருந்து அறுபதில் நிற்கும்.

சன்னலை நோக்கி அமருங்கள். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிப் பார்வை கூர்மையுறும். குழியாடியை மட்டும் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். அருகிலுள்ள துணி தீப்பற்றக்கூடும்.