பல் சீரமைப்பில் பிராக்கெட் பொருத்தும் இடம்

பிராக்கெட் பொருத்துதல் என்பது, வரிசை தவறிய பற்களை நகர்த்துவதற்காக ஒவ்வொரு பல்லின் மீதும் ஒரு சிறிய பிடிப்பானைக் குறித்த உயரத்திலும் குறித்த சாய்விலும் ஒட்டும் செயல்முறையாகும். பேச்சுவழக்கில் ‘பல்லுக்குக் கிளிப் போடுவது’ எனப்படும் சிகிச்சையின் தொடக்கக் கட்டம் இது. பிராக்கெட்டின் நடுவில் குறுக்காக ஒரு பள்ளம் உண்டு. அதன் வழியே கம்பி செல்கிறது. பல்லை நகர்த்தும் விசை கம்பியிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பல் கடைசியில் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிராக்கெட் ஒட்டப்பட்ட இடமே தீர்மானிக்கிறது. அரை மில்லிமீட்டர் பிசகு, ஒட்டிய நாளில் யார் கண்ணுக்கும் படாது. ஓராண்டு கழித்துப் பல்வரிசையில் அது தெரியும்.

வளைவு கம்பியிலிருந்து பிராக்கெட்டுக்கு மாறிய வரலாறு

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1928இல் வெளியிட்ட ‘எட்ஜ்வைஸ்’ முறையில் எல்லாப் பற்களுக்கும் ஒரே மாதிரியான பிராக்கெட்டே பயன்பட்டது. ஒவ்வொரு பல்லுக்கும் வேண்டிய உயரம், சாய்வு, திருப்பம் ஆகியவற்றை மருத்துவர் கம்பியைக் கையால் வளைத்து உருவாக்கினார். பிராக்கெட் சற்றே இடம் மாறி இருந்தாலும் கம்பியில் ஒரு வளைவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிடலாம்.

லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் இதை மாற்றினார். சிகிச்சை எதுவும் பெறாமலே இயல்பாகச் சீராக அமைந்த பல்வரிசைகளின் 120 மாதிரிகளை அளந்து, 1972இல் சீரான கடிக்கு ஆறு இலக்கணங்களை வகுத்தார். அந்த அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி பிராக்கெட் வடிவமைக்கப்பட்டது. சாய்வும் தடிமனும் பிராக்கெட்டுக்குள்ளேயே இருப்பதால் வளைவற்ற கம்பியே போதும். இன்று தமிழ்நாட்டில் பயன்படும் பிராக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்த ‘நேர்கம்பி’ வழியில் வந்தவை. மருத்துவரின் உழைப்பு இதனால் குறைந்தது. அதே அளவுக்கு ஒட்டும் இடத்தின் மீது பொறுப்பு ஏறியது. மேல் நடு வெட்டுப்பல்லுக்கென 17 பாகைச் சாய்வுடன் செய்த பிராக்கெட், தவறான உயரத்தில் ஒட்டப்பட்டால் அந்த 17 பாகையைத் தருவதில்லை. பல்லின் முகம் தட்டையானதல்ல, வளைந்தது என்பதே காரணம்.

சரியான இடம் எது?

ஆண்ட்ரூஸ் சொன்ன இடம், ஈறுக்கு வெளியே தெரியும் பல்முடியின் நெடு அச்சின் நடுப்புள்ளி. பிராக்கெட்டின் மையம் அந்தப் புள்ளியிலும், அதன் செங்குத்து விளிம்புகள் நெடு அச்சுக்கு இணையாகவும் அமைய வேண்டும். கண்ணால் பார்த்து நடுவைக் குறிக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பதால், பின்னர் மெக்லாஃப்லின், பென்னெட், டிரெவிசி ஆகிய மூவரும் கடிக்கும் விளிம்பிலிருந்து அளக்கும் அட்டவணையைத் தந்தனர். அதன்படி, சராசரி அளவுள்ள மேல்தாடைப் பற்களில் நடு வெட்டுப்பல்லுக்கு 5 மி.மீ., பக்க வெட்டுப்பல்லுக்கு 4.5, கோரைப்பல்லுக்கு 5, முன்கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் முறையே 4.5, 4, முதல் கடைவாய்ப் பல்லுக்கு 3 மி.மீ. உயரம். இதை அளக்க நுனியில் சிறு முள் கொண்ட அளவுகோல் கருவி உண்டு.

அளவுகோலை மட்டும் நம்புவதும் ஆபத்தே. விழுந்து நுனி உடைந்த வெட்டுப்பல்லில் விளிம்பிலிருந்து 5 மி.மீ. அளந்தால் பிராக்கெட் ஈறு பக்கமாகப் போய்விடும். 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் வேறு சிக்கல்: பல் முழுதாக முளைத்திருக்காது, அல்லது ஈறு வீங்கிப் பல்முடியின் ஒரு பகுதியை மறைத்திருக்கும். அங்கே தெரியும் பகுதியின் நடு, பல்லின் உண்மையான நடு அல்ல. கோரைப்பல்லையும் முன்கடைவாய்ப் பற்களையும் நோயாளியின் முன்னால் அமர்ந்தபடி பார்த்தால் கோணம் ஏமாற்றும். நேர் எதிரிலிருந்தும், கண்ணாடி வைத்துக் கடிக்கும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிசகினால் நேர்வது

பிராக்கெட் ஈறு பக்கமாக உயர்ந்து ஒட்டப்பட்டால் கம்பி அதைத் தன் மட்டத்துக்கு இழுக்கும்; பல் மற்றவற்றைவிட நீண்டு வெளியே வரும். கடிக்கும் விளிம்பை நெருங்கி ஒட்டினால் பல் உள்ளே அமுங்கும். முன்பற்களில் இது அழகுக் குறை. கடைவாய்ப் பக்கத்தில் அடுத்தடுத்த பற்களின் ஓரமேடுகளிடையே படி விழுந்து, மெல்லும்போது எதிர்ப்பல் சரியாகப் பொருந்தாமல் போகும்.

பக்கவாட்டுப் பிசகு பல்லைத் திருப்பிவிடும். உருண்ட முகம் கொண்ட கோரைப்பல்லில் பிராக்கெட் நடுக்கோட்டுப் பக்கமாகச் சற்றே தள்ளி இருந்தால், அந்தப் பக்கம் வெளியே வந்து மறுபக்கம் உள்ளே போகும். பிராக்கெட் சாய்ந்து ஒட்டப்பட்டால் பல்லின் வேரும் சாயும்; பக்கத்து வேரை நெருங்கவும் கூடும். வெளியே பல்முடிகள் அழகாக நிற்கும்போதே உள்ளே வேர்கள் இணையாக இல்லாதிருக்கலாம் என்பதால், சிகிச்சையின் இடையில் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். பிராக்கெட்டுக்கு அடியில் பசை ஒரு பக்கம் தடித்து நின்றாலும் விளைவு இதே மாதிரிதான். ஒட்டியதும் கருவியால் அழுத்தி, பிதுங்கும் பசையை வழித்தெடுப்பது சுத்தத்துக்காக மட்டும் அல்ல.

பசையும் ஃபுளோரைடும்

1955இல் மைக்கேல் புவனகோர், பல்லின் வெளியடுக்கான எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் நன்றாகப் பற்றும் எனக் காட்டினார். அதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் உலோக வளையத்தால் சுற்ற வேண்டியிருந்தது. இன்று 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 நொடி வரை தடவி, கழுவி, உலர்த்தி, ஒளியால் இறுகும் பசை கொண்டு ஒட்டுகின்றனர்.

தென்பெண்ணை ஆற்றின் கரையில் உள்ள திருக்கோவிலூருக்கு மேற்கே, அதே ஆறு வரும் வழியில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் உள்ளன. அங்கே பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு, பற்களில் வெண் திட்டுகளையும் பழுப்புக் கறைகளையும் உண்டாக்குவது நெடுநாளைய சிக்கல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் இடம்பெற்றது இதனால்தான். இத்தகைய பல்லின் மேலடுக்கு அமிலத்தால் எளிதில் அரிபடாது. பசையின் பிடி குறையும். மருத்துவர் அரிக்கும் நேரத்தைக் கூட்டுவதும், நுண்துகள் வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதும் உண்டு. பல் கறையுள்ள பகுதியில் வளர்ந்தவர்கள், சிறுவயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கழன்ற பிராக்கெட்

கழன்ற பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டும்போது இரண்டாவது பிசகுக்கு வாய்ப்பு உண்டாகிறது. முதல் நாள் எல்லாப் பற்களையும் ஒருசேரப் பார்த்து ஒட்டிய மட்டம், ஒற்றைப் பல்லில் மறுபடி கிடைப்பது கடினம்.

சிறு நகர மருத்துவமனைகளுக்குப் பல் சீரமைப்பு நிபுணர் மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வந்துபோவது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஏற்பாடு. திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கல்லூரி மருத்துவமனையை நாடுவோர் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்கோ அண்ணாமலை நகருக்கோ போக வேண்டும். வழக்கமான 4 முதல் 6 வார இடைவெளிக்கு நடுவே ஒரு பிராக்கெட் கழன்றால், அதற்கென ஒரு நாள் கூலியும் பள்ளியும் போகிறது. போகாமல் விட்டாலோ அந்தப் பல் மட்டும் வரிசையிலிருந்து விலகத் தொடங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டம், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் அளவுக்குக் கரும்பு விளையும் பகுதி. பொங்கல் நாளில் கரும்பை முன்பல்லால் கடித்து உரிப்பது பிராக்கெட்டுக்கு எமன். தோல் சீவி, சிறு துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். முறுக்கு, கமர்கட், சீடைக்கும் இதுவே பொருந்தும். அப்படியும் கழன்றுவிட்டால் அதைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பசை வைத்து ஒட்டிக்கொள்ளக் கூடாது.

முன்கூட்டியே ஒட்டும் முறை

வாயில் எச்சிலோடும் நேரத்தோடும் போராடாமல், பல்லின் மாதிரியில் பிராக்கெட்டுகளை நிதானமாக வைத்து, ஓர் அச்சுத் தட்டின் மூலம் மொத்தமாக வாய்க்கு மாற்றும் மறைமுக ஒட்டுமுறை 1970களில் வந்தது. இப்போது வாயை ஸ்கேன் செய்து, கணினித் திரையில் இடம் குறித்து, முப்பரிமாண அச்சில் தட்டைத் தயாரிக்கின்றனர். செலவு கூடுதல், கடைவாய்ப் பக்கத்தில் எச்சில் பட்டால் இதிலும் பிடி போய்விடும்.

எந்த முறையில் ஒட்டினாலும், முதல் சில மாதங்களில் பற்கள் ஓரளவு மட்டப்பட்ட பின்னரே சில பிசகுகள் வெளிப்படும். அப்போது நிபுணர் ஓரிரு பிராக்கெட்டுகளை வேண்டுமென்றே கழற்றி இடம் மாற்றி ஒட்டுவார். ‘முதலிலேயே சரியாகப் போடவில்லையா’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. நெருக்கியடித்து நின்ற பல்லில் முதல் நாள் எட்டாத இடம் இப்போது எட்டுகிறது என்பதே பல நேரங்களில் காரணம். கடைசி மாதங்களில் கம்பியை வளைத்துப் போராடுவதைவிட இந்தக் கட்டத்தில் மாற்றி ஒட்டுவது விரைவில் முடியும்.