கணினி ஏன் எழுந்திருக்கவில்லை?

நவம்பர் மாதம். பொதுச் சேவை மையத்தின் வாசலில் முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வூதியம் தொடர்ந்து வர வேண்டும். அதற்கு, உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 2014ஆம் ஆண்டு முதல் விரல் ரேகை வைத்துக் கணினி மூலமும் இதைத் தரலாம்.

மையத்தை நடத்தும் பெண் பொத்தானை அழுத்துகிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது.

"இந்த மாசம் பணம் வராதா அம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார்.

பயப்பட வேண்டாம். பல நேரங்களில் காரணம் மிகச் சிறியதுதான்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். பிளக் சரியாகச் செருகி இருக்கிறதா? யு.பி.எஸ். விளக்கு எரிகிறதா? கணினிப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு பக்கம் கோடு, மறு பக்கம் வட்டம். கோட்டுப் பக்கம் அழுத்தினால்தான் மின்சாரம் உள்ளே போகும். தூசி துடைக்கும்போது கை பட்டு அது மாறியிருக்கலாம்.

மின்சாரம் வந்ததும் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். குறை இருந்தால் 'பீப், பீப்' என்று கத்தும். எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது உதவும். பெரும்பாலும் 'ராம்' என்னும் நினைவகத் தகடு தளர்ந்திருக்கும். அவர் அதைக் கழற்றி, ரப்பரால் துடைத்து, மறுபடி செருகுவார். பள்ளிப் பிள்ளைகளின் அழி ரப்பர்தான்!

பென் டிரைவைச் செருகியபடியே விட்டாலும் சில கணினிகள் தொடங்காது. அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

தேதி தினமும் தவறாகக் காட்டுகிறதா? உள்ளே காசு போல ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. 3 வோல்ட். அது தீர்ந்திருக்கும். மாற்றினால் போதும்.

பெட்டிக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். அது ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். மகளிர் குழுவின் கணக்கு, ஊர் மக்களின் மனுக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஃபார்மட் போட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகும். முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணினியை மறுபடி வாங்கலாம். 5 வருடக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

மின்சாரப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஷாக் அடிக்கும்.

சேவை மையத்தில் அந்தப் பெண் காது கொடுத்துக் கேட்கிறார். பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது. பீப் சத்தம் இல்லை. அப்படியானால் குறை திரையில் இருக்கலாம். திரையின் பின்னால் கை விட்டுப் பார்க்கிறார். வயர் பாதி கழன்று தொங்குகிறது. அழுத்திச் செருகுகிறார். திரையில் வெளிச்சம் வருகிறது.

பெரியவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறார்.