ஈரச் சாலையில் வேன்: வழுக்கலை அடக்குவது எப்படி?

ஏன் வழுக்குகிறது?

டயருக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் உராய்வு குறைகிறது. பின்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் வேனில் சரக்கு இல்லையென்றால், அவற்றின் மேல் எடையும் குறைவு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே அவை நின்ற இடத்தில் சுழலும்.

இழுவைக் கட்டுப்பாடு எப்படி உதவுகிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தறிகெட்டுச் சுழன்றால், கணினி எஞ்சின் விசையைக் குறைக்கும். தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் போடும்.

நிலைத்தன்மைக் கட்டுப்பாடு?

ஸ்டியரிங் திருப்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் இது ஓயாமல் ஒப்பிடுகிறது. வளைவில் பின்பக்கம் வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தில் பிரேக் விழும். முன்பக்கம் திரும்பாமல் நேரே வழுக்கினால், உட்பக்கப் பின்சக்கரத்தில் விழும். ஒரு பக்கத் துடுப்பை நீரில் ஊன்றினால் படகு அந்தப் பக்கம் திரும்புமே, அதே விதிதான் இங்கும். வேன் உயரமானது, ஈர்ப்பு மையமும் மேலே இருப்பது. அது பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் கவிழும் ஆபத்தும் உண்டு. அதனால் இந்த உதவி வேனுக்கு இன்னும் முக்கியம்.

1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இது அறிமுகமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்களுக்கும் இலகு வேன்களுக்கும் கட்டாயம்.

எல்லை எது?

இக்கருவிகள் இருக்கும் பிடிமானத்தைப் பங்கிடுமே தவிர, புதிதாக உருவாக்காது. தேய்ந்த டயர் வேகத்தில் நீரின் மேல் மிதக்கத் தொடங்கினால், எந்தக் கணினியும் காப்பாற்றாது. மழைக்காலத்துக்கு முன் டயரின் பள்ளங்களைப் பாருங்கள். மழையில் வேகத்தைக் குறையுங்கள்.