தூண்டிலைத் தொழிலாகக் கொண்டவர்



மழை விட்ட மறுநாள் மாலை, குளுவாங் பக்கமோ சிகாமட் பக்கமோ ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். பாரிட் கரையில் இரண்டு மூன்று பையன்கள் குந்தியிருப்பார்கள். கையில் ஒரு கம்பு, அதன் நுனியில் தங்கூசி, முள்ளில் ஒரு சின்னத் தவளை. வீட்டில் தாய், "படிக்கிற நேரத்தில் மீன் பிடிக்கப் போய்விட்டான்" என்று வைதுகொண்டிருப்பார். பையன் ஒரு முழ விராலைத் தூக்கிக்கொண்டு வந்தால் வசவு பாதியாகக் குறைந்துவிடும். அடுப்பில் புளி கரைக்கும் வேலை தொடங்கிவிடும்.

இந்தத் தூண்டிலே ஒருவருக்குத் தொழிலாக முடியுமா? அமெரிக்காவில் ஒருவருக்கு முடிந்திருக்கிறது. அவர் பெயர் ரிக் கிளன். 1946-ல் பிறந்தவர். அவர் பிடிப்பது 'பாஸ்' என்னும் நன்னீர் மீன். நம் நாட்டு ஆறுகளில் அந்த மீன் கிடையாது. ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்று சொல்லும் மீன் வேறு. அது நம் கொடுவா, மலாயில் சியாக்காப். நம் நாட்டு ஏரிகளிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் இப்போது பிடிபடுகிற 'பீக்காக் பாஸ்' என்பதும் வேறுதான். அது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்நிய மீன். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்கப் பாஸ் மீனின் குணத்தைக் கேட்டால் நம் விராலைத்தான் சொல்கிறார்களோ என்று தோன்றும். பாசிக்கும் கட்டைக்கும் இடையில் பதுங்கி நிற்கும். தவளை, சிறு மீன் என்று அசைவது எதையும் பாய்ந்து பிடிக்கும். முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும்.

அந்த மீனுக்கு அந்நாட்டில் இருக்கும் மதிப்பைச் சொல்ல ஒரு கதை உண்டு. 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, வேலையும் பணமும் இல்லாத அந்தப் பஞ்ச காலத்தில், ஓர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். அன்று அவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஏறக்குறைய 10 கிலோ. உலகச் சாதனை! அந்தச் சாதனை மீனை அவர் என்ன செய்தார் தெரியுமா? எடையைப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டார். 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் அதே எடையை எட்டும்வரை வேறு யாராலும் பெர்ரியின் சாதனையைத் தொட முடியவில்லை. தோட்டத்துப் பையன் விராலோடு வீட்டுக்கு வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சமையலுக்குப் பிடித்த மீனைப் போட்டிக்குரியதாக மாற்றியவர் ரே ஸ்காட். அலபாமா மாநிலத்தில் காப்புறுதி விற்பனை செய்துகொண்டிருந்தவர். 1967-ல் ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் நூற்றுச் சொச்சம் பேரைத் திரட்டி, ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கி, ஒரு போட்டி நடத்தினார். அடுத்து ஒரு சங்கம் வந்தது. 1971-ல் 'கிளாசிக்' என்ற ஆண்டுப் போட்டி பிறந்தது. பந்து விளையாட்டில் உலகக் கிண்ணம் எப்படியோ, பாஸ் பிடிப்பவர்களுக்குக் கிளாசிக் அப்படி.

ரிக் கிளனுக்குத் தூண்டிலைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை. ஓக்லஹோமா மாநிலத்து ஓடைகளில் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபடியே மீன் பிடிக்கும் தந்தையின் பின்னால் சிறுவன் கிளனும் நடந்தான். வளர்ந்த பிறகு ஹூஸ்டன் நகரில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் கணினி வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வரும் வேலை. அதை 1970-களின் முற்பகுதியில் விட்டுவிட்டார். ஏரிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டியாகப் படகோட்டிக்கொண்டே போட்டிகளில் கலந்துகொண்டார். சம்பள வேலையை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகிறேன் என்று நம் வீட்டுப் பிள்ளை சொன்னால் நாம் என்ன சொல்வோம்? அவரிடமும் பலர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

1976-ல் கிளாசிக் போட்டியை வென்றார். 1977-ல் மறுபடியும் வென்றார். 1984-ல் ஆர்கன்சா ஆற்றில் மூன்றாவது முறை. அந்த மூன்று நாளில் அவர் பிடித்தது 75 பவுண்டு 9 அவுன்ஸ், அதாவது 34 கிலோவுக்கு மேல். இரண்டாம் இடத்தில் வந்தவரைவிட 11 கிலோ அதிகம். ஒரே ஆறு, ஒரே வெயில், ஒரே நாட்கள்! 1990-ல் வர்ஜீனியா மாநிலத்து ஜேம்ஸ் ஆற்றில், கடைசி நாளன்று பின்னால் இருந்து முந்தி வந்து நான்காவது முறையாக வென்றார். இப்படி நான்கு முறை வென்றவர்கள் அவரும் கெவின் வான்டாமும் மட்டுமே.

இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, வித்தை எவ்வளவு என்பதைப் பார்ப்போம். நம் கரையோரத்துக்கும் உதவக்கூடிய செய்தி இதுதான்.

ஏரி பெரிது, மீன் இருக்கும் இடம் சிறிது. கிளனின் முதல் வேலை, மீன் எங்கே இருக்கிறது என்று தேடுவதல்ல, எங்கே இருக்காது என்று தள்ளுவது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்வார். இந்தப் பருவத்தில் மீன் ஆழத்தில் நிற்குமா, கரைக்கு வருமா? வசந்தத்தில் முட்டையிடக் கரையோரத்துக்கு வரும். இலையுதிர் காலத்தில் சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு ஓடைகளின் உட்பகுதிக்குப் போகும். அப்படியானால் ஏரியில் முக்கால் பங்கைத் தள்ளிவிடலாம். மீதியிருக்கும் இடத்தில் சேற்றுத் தண்ணீரா, தெளிந்த தண்ணீரா, கட்டை இருக்கிறதா, பாசி இருக்கிறதா என்று பார்த்து மேலும் தள்ளுவார். கடைசியில் மிஞ்சுவது சில கரைகள்தான். நம் நாட்டில் வசந்தமும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. நமக்குப் பருவம் என்றால் மழைதான். வடகிழக்குப் பருவமழையில் பாரிட் நிரம்பி ஓரத்துப் புல் முழுகியதும் விரால் அந்தப் புல்லுக்குள் ஏறிவிடும். இது தெரிந்த பையன் நடு வாய்க்காலில் தூண்டில் போட மாட்டான். அந்தப் பையனும் கிளனைப் போல வரைபடம் படித்தவன்தான். காகிதம் மட்டும் இல்லை.

அடுத்தது போலி இரை. கிளன் மிகவும் விரும்புவது மரத்தால் அல்லது பிளாஸ்டிக்கால் செய்த சிறு மீன் பொம்மை. அதன் வாய்க்குக் கீழே கரண்டிபோல ஓர் அலகு நீட்டியிருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். தங்கூசியைச் சுற்றி இழுத்தால் அந்த அலகில் தண்ணீர் மோதுவதால், பொம்மை தலைகுனிந்து, நடுங்கிக்கொண்டே கீழே பாயும். இழுப்பதை நிறுத்தினால் மெல்ல மேலே வரும். இதைக் காலி இடத்தில் இழுப்பது வீண். முழுகிக் கிடக்கும் கட்டையின் மேல் வேண்டுமென்றே மோத வைக்க வேண்டும். மோதியதும் பொம்மை சட்டென்று பக்கத்தில் விலகும். பக்கத்தில் நிற்கும் மீனுக்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, யோசிக்காமல் பாய்ந்துவிடும். கண்ணில் தூசி பட வந்தால் இமை மூடுவது போன்ற செயல் அது. பசியில்லாத மீனையும் பிடிப்பது எப்படி என்பதற்கு இதுவே விடை.

மூன்றாவது அவருடைய கழி. இப்போது கரிம நாரால் செய்த விறைப்பான, எடை குறைந்த கழிகள் வந்துவிட்டன. நுனியில் மீன் மூச்சு விட்டால்கூடக் கையில் தெரியும் என்று கடைக்காரர் சொல்வார். கிளனோ இந்தப் பொம்மை இரைக்குக் கண்ணாடி நார்க் கழியையே பிடிவாதமாகக் கையாண்டவர். காரணம் இதுதான். பாஸ் மீன் இரையைக் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுக்கிறது. விறைப்பான கழியில் தொட்ட உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவசரப்பட்டு வெட்டி இழுக்கிறோம். இரை வாய்க்குள் போவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. கண்ணாடி நார்க் கழி சோம்பேறி. வளைந்து கொடுத்து மீனுக்கு ஒரு நொடி நேரம் தருகிறது. மூங்கில் கழியில் பிடித்துப் பழகிய நம் தாத்தாமார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த கழி வாங்கித் தரவில்லை என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இனி, இந்தப் பேச்சை எழுத எங்களைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம்.

தொடக்கத்தில் அமெரிக்கப் போட்டிகளில் பிடித்த மீனையெல்லாம் கோத்துக் கொண்டுவந்து எடை போட்டார்கள். மீன் செத்தது. இப்படியே போனால் சில ஆண்டுகளில் போட்டி நடத்த ஏரி இருக்கும், மீன் இருக்காது என்று ரே ஸ்காட்டுக்குத் தெரிந்தது. 1972-ல் மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுத் திரும்பவும் ஏரியில் விடும் முறையைத் தொடங்கினார். படகிலேயே காற்றோட்டமுள்ள தொட்டி வைத்தார்கள். செத்த மீனுக்கு எடையில் கழிவு வைத்தார்கள். வியாபாரி கணக்குப் பார்த்துச் செய்த காரியம் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும், மீன் பிழைத்தது.

நம் குட்டைகளின் கதை என்ன? விராலும் அதன் பெரிய உறவான தோமானும் குஞ்சு பொரித்தால் தாயும் தந்தையும் சேர்ந்து காவல் நிற்கும். குஞ்சுகள் செந்நிறப் பந்துபோலக் கூட்டமாக நீந்தும். இந்த மீன்கள் நம்மைப் போல் காற்றையும் சுவாசிப்பவை என்பதால் குஞ்சுக் கூட்டம் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கும். தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். இதைக் கண்டதும் தூண்டில்காரருக்குக் கொண்டாட்டம். அந்த இடத்தில் ரப்பர் தவளையைப் போட்டால் தாய் மீன் கட்டாயம் பாயும். பசியால் பாயவில்லை, பிள்ளைகளை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பாய்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நாம் போய்விட்டால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு மீன் குழம்புக்கு ஒரு குட்டையின் அடுத்த ஆண்டையே கொடுக்கிறோம்.

சாப்பிடப் பிடிப்பது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் விரால் சாறு கொடுப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். மீனைப் பிடித்து முத்தம் கொடுத்து விட்டுவிடு என்று கூலிக் குடும்பத்துக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் மட்டும் தூண்டில் போடாதிருக்கலாம். ஆற்று முகத்தில் பிடிபடும் கொடுவாவிலும் ஒரு விசித்திரம் உண்டு: இளமையில் ஆணாக இருந்து, வயது ஏறியபின் பெண்ணாக மாறும் மீன் அது. மிகப் பெரிய கொடுவாவெல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். நடுத்தர மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியதை விடுவது கணக்குக்குச் சரி.

இதைவிடக் கொடுமை துபா வேரும் மின்சாரமும். துபாவை ஒரு காலத்தில் இந்த நாட்டில் பூச்சி மருந்துக்காகத் தோட்டப் பயிராகவே வளர்த்தார்கள். அதிலுள்ள நஞ்சு மீனின் உடம்பு உயிர்க்காற்றைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது. பெரியது, சின்னது, குஞ்சு என்று பார்க்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் குட்டையில் ஒரே இரவில் பேட்டரி வைத்து மீனை வாரிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் விரல் நீள மீன்கள் வெள்ளையாக மிதந்தன. அதற்குப் பிறகு அந்தக் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்த பையன்களை நாங்கள் பார்க்கவில்லை. நஞ்சு, வெடி, மின்சாரம் மூன்றையும் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. மின்சாரம் மீனை மட்டும்தான் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாய்மாருக்கு இடையில் ஒரு வார்த்தை. செம்பனைக் காட்டுப் பாரிட் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் புண்ணோடு பிள்ளைகள் இறங்கினால் எலிக் காய்ச்சல் வரும். ரப்பர் பூட்ஸ் போட்டு அனுப்புங்கள். போன பிறகு காய்ச்சல் கண்டால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஜொகூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதலை உண்டு; அங்கே பிள்ளைகளைத் தனியே விடவே கூடாது.

மறுபடியும் கிளனுக்கு வருவோம். 1990-க்குப் பிறகு புதிய தலைமுறை வந்தது. கிழவர் ஓய்வு பெறலாம் என்று பலர் நினைத்தார்கள். 2016-ல், 69 வயதில், புளோரிடா மாநிலத்துச் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் நடந்த போட்டியை வென்றார். ஒரே நாளில் ஐந்து மீன், 14 கிலோவுக்கு மேல். 2019-ல், 72 வயதில், அதே ஆற்றில் மீண்டும் வென்றார்.

சரி, இதில் பிழைப்பு நடக்குமா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலேயே நுழைவுக் கட்டணமும் படகுச் செலவும் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். பரிசுப் பணத்தைவிடப் படகு, தூண்டில் நிறுவனங்கள் தரும் ஆதரவுப் பணமே பலரைக் காப்பாற்றுகிறது. கிளனே தம் பெயரில் பொம்மை இரைகளை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். நம் பக்கத்தில் போட்டிப் பரிசை நம்பி வேலையை விடச் சொல்ல மாட்டோம். ஆனால் தண்ணீரை அறிந்தவனுக்கு வேறு கதவுகள் உண்டு. கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றுக்கு ஆற்று இறால் பிடிக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் படகு வேண்டும். நீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும், இறால் எந்த மடுவில் நிற்கும் என்பதும் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் படகின் பின்புறத்தில் உட்கார்ந்திருப்பவர், முன்னொரு நாள் பாரிட் கரையில் தவளையோடு குந்தியிருந்த பையனாக இருக்கலாம்.